கங்கை ஏறும் தெருவில் ஒரு கடை

ஊறிப்போன அரிசி மூட்டை வெயிலில் புளிக்கும் வாடை தெரியுமா உங்களுக்கு? அதோடு களுகங்கை ஆற்றுச் சேறும் சேர்ந்தால்... அதுதான் எனக்கு அந்த நாள் இரத்தினபுரி.

பெரிய வெள்ளம் வடிந்த வாரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் பலசரக்குக் கடை சுவரோடு சரிந்து கிடந்தது. பள்ளத்திலேயே திரும்பக் கட்டுவதா, மேட்டில் புது நகரப் பக்கம் போவதா? தெரு முழுக்க இதே பேச்சு.

என் மனைவி செல்வி முடிவே எடுத்துவிட்டாள்.

"மறுபடி பள்ளத்துல கட்டுனா நான் கொடகவெலைக்கு, எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன்."

விளையாட்டில்லை. பையும் கட்டி வைத்திருந்தாள்.

மேட்டில் ஒரு இடம் பேசி முடிக்கக் கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து நிவித்திகல பஸ்ஸில் மாரியாயி அக்கா வந்து இறங்கினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், சம்பளம் போட்ட மறுநாள் தவறாமல் வரும் வாடிக்கை. கடை மேலே போகிறது என்றேன்.

"நாள் பூரா மலை ஏறித்தான் கொழுந்து எடுக்குறோம் தம்பி. அரிசி வாங்கவும் ஏறணுமா?"

அப்படியே திரும்பிவிட்டேன்.

கீழேயே கட்டினேன், ஆனால் மாடி வைத்து. கீழ்த்தளத்தில் அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் வாளி, மண்வெட்டி... தண்ணீர் கழுவிவிட்டுப் போகிற சாமான் மட்டும். அரிசி, மா, சீனி மாடியில். கேட்டால் கப்பியில் இறங்கும். செல்விக்கு மேட்டில் வாடகை வீடு. பை அவிழ்ந்தது. அக்கா ஏற மறுத்த மேட்டைத் தினமும் ஏறியது நான்தான்!

அடுத்த முறை ஆறு ஏறியபோது, எதிரே துணிக்கடை வைத்திருந்த பியசேன முதலாளி "மல்லி, கங்க எனவா" என்று குரல் கொடுத்தார். ஆறு வருதாம் தம்பி. தெருவில் மாடி என்னுடையது ஒன்றுதான். அவருடைய துணிக்கட்டு, பக்கத்து பேக்கரி மா மூட்டை எல்லாம் என் கப்பியில் ஏறின. மேலே உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். கீழே என் வாளிகள் மிதந்து மிதந்து கதவைத் தட்டின. உன் சாமானுக்கு நீச்சல் தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று முதலாளி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார்.

இப்போது ஆறு ஏறுமுன் போனுக்கு மெசேஜ் வருகிறது. எல்லாக் கடைக்கும் மாடி. அவரவர் சாமான் அவரவர் மாடியில். மாரியாயி அக்காவின் மகள் ஆட்டோவில் வருகிறாள், அவளுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான். என் மகன் மேட்டில் கடை பார்த்துவிட்டான். நானும் சரி என்றேன். ஆள் வருகிற இடத்தில்தானே கடை.

கப்பியை மட்டும் நானே கழற்றி எடுத்து வந்தேன். மேட்டுல இது எதுக்கு என்று செல்வி கேட்டாள்.

"மழை கொட்டுனா முதலாளி துணிக்கட்டோட வருவாருல்ல..."

அவருக்கும் இப்போது மாடி இருக்கிறது. இருந்தாலும் வருவார்.