பாட்டு நின்றுபோகும் வளைவு

செயற்கைக்கோள் வானொலி அமீரகத்தின் புஜைரா மலைகளுக்குள் சரியாக எட்டாது. அதற்காக எங்கள் கம்பெனி தரையில், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர்கள் வைத்திருந்தது. சோதனை லைசென்ஸ்தான். அதைப் புதுப்பிக்கும் போதெல்லாம், பாட்டு எங்கே அறுந்துபோகிறது என்று காரில் போய்க் குறித்து வருவேன்.

வண்டி ஓட்டியவர் கீழக்கரைக்காரர். மருதாணி போட்ட தாடி, கனத்த குரல். வளைவில் பாட்டு நின்றதும் விட்ட இடத்திலிருந்து அவர் பாடுவார். சிக்னல் திரும்பும்போது வானொலியும் அதே வரியில் இருக்கும். நான் குறிக்க மறந்திருப்பேன்.

“எங்க கட்டாகுதுன்னு நான் கேக்கணும் பாய். சும்மா வாங்களேன்.”

“பாதியில விட்டா மனசு கேக்குமா சார்?”

பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை; எல்லாம் கலாஸ், முடிந்துபோனது. அவரும் ஊருக்குப் போய்விட்டார்.

இப்போது போனில் பாட்டு அறுவதே இல்லை. அந்த வளைவு வந்தால் நானே அதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.