சிகிச்சை அளித்தவர் யார்?

தாம்பரத்தில் ஓர் இதய மருத்துவமனையில் ஒன்பது வருடமாக பிசிஷியன் அசிஸ்டெண்ட்டாக இருக்கிறேன். நோயாளியைச் சோதிப்பது, ஈசிஜி பார்ப்பது, குறிப்பெழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு நான் இல்லவே இல்லை. 'சிகிச்சை அளித்தவர்' என்ற கட்டத்தில் டாக்டர் பெயர்தான் போக வேண்டும். இதைப் பற்றிப் புலம்புவதையும் விட்டுவிட்டேன், அலுத்துப்போய்.

போன மாதம் ஒரு காலையில், திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். டாக்டரோ மேடவாக்கம் சிக்னலில், தண்ணீர் லாரிக்குப் பின்னால். ஈசிஜியைப் படமெடுத்து அனுப்பினேன். அவர் போனில் சொல்லச் சொல்ல மருந்து கொடுத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வந்து ஸ்டெண்ட் வைத்தார்.

நாலாம் நாள் டிஸ்சார்ஜ். மறுநாள் காலை லேத்காரரின் மகளுக்கு நிச்சயதார்த்தம். இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். மத்தியானம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அவருக்கே போன் வந்தது: முதலில் பார்த்தது யார்?

மனுஷன் குஷியாகிவிட்டார். "டாக்டரா? அவரு அப்பால வந்தாரு சார். இந்தப் பொண்ணுதான் என்னைக் காப்பாத்துச்சு. தங்கமான பொண்ணு!"

ஒன்பது வருடமாக யாரும் சொல்லாததை, சொல்லவே கூடாத இடத்தில் சொல்லித் தொலைத்தார். ஒப்புதல் நின்றுபோனது. டாக்டர் விளக்கக் கடிதம் அனுப்பினார். நோயாளியிடம் மறுபடி கேட்போம் என்றார்கள்.

கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். "அண்ணா, இந்த வாட்டி டாக்டர்தான் பார்த்தார்னு சொல்லுங்க. என்னைப் பத்திக் கேட்டா, பிரஷர் பார்த்த பொண்ணுன்னு சொல்லுங்க, போதும்."

"இன்னாம்மா, பொய் சொல்லச் சொல்றியா?"

"நாளைக்குப் பொண்ணு பக்கத்துல நீங்க நிக்க வேணாமா?"

நாலு மணிக்குப் போன் வந்ததும், சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு மணிக்கு ஒப்புதல் வந்தது. அப்பாடா என்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் கார் கொண்டுவந்திருந்தார். வாசல்வரை கூட வந்த என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

லேத்காரர் இன்ஷூரன்ஸ் கவுண்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பிரஷர் பாத்த பொண்ணு," என்றார். பயம், பாவம். எங்கே மறுபடி நிறுத்திவிடுவார்களோ என்று.

"ஆமாங்க," என்றேன் நானும்.