கொக்குக் கூட்டுக்கு அடியில் வந்த மாதா

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் காசநோயில் விழுந்து படுக்கையோடு கிடந்தார். செப்டம்பரில் எங்கள் கோயிலில் மாதா திருவிழா. வீட்டு வாசலில் தேர் நின்றால் நோயாளிகள் மாதாவைத் தொட்டுக் கும்பிடுவது எங்கள் ஜனங்களின் வழக்கம். ஆனால் எங்கள் சந்துக்குள் தேர் வந்ததே இல்லை. முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் பெரிய கிளை ஒன்றைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது.

நான் விடுவேனா? பங்குச் சாமியார் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கிளையை வெட்டிவிட்டால் தேர் வரும் என்று சம்மதம் வாங்கிவிட்டேன். திருவிழாவன்று மத்தியானம் என் கொழுந்தனார் கோடரியோடு மரத்தில் ஏறினார். முதல் வெட்டு விழுந்ததுமே கொக்குகள் கத்த ஆரம்பித்தன. ஜன்னலோரம் படுத்திருந்த என் கணவர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கிளையிலதான் குஞ்சு பொரிச்சிருக்கு. தெனம் பாக்கறேன். அதுங்களக் கீழ தள்ளிட்டு வந்தா, மாதா முகத்த நான் எப்படிப் பாக்கறது? தேர் வேணாம்னு சொல்லிடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிர் ஊசலாடுகிறது, இவருக்குக் கொக்கின் மேல் கரிசனம். ஆனாலும் அவர் பேச்சைத் தட்ட மனம் வராமல், அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். கொழுந்தனார் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் பாண்டு சத்தம் கேட்டது. வழக்கம்போலத் தேர் நேராகப் போய்விடும் என்று கதவைச் சாத்தப் போனேன். சத்தம் மரத்தருகே வந்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், கொழுந்தனார் தேர்மேல் ஏறி மாதா சுரூபத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். கீழே கோயில் உபதேசியார் பதறித் தடுக்கிறார்.

"தேர்தான் ஒசரம், உபதேசியாரே. மாதா ஒசரமில்லையே," என்றார் கொழுந்தனார்.

சாமியார் அண்ணாந்து கூட்டைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

நாலு பேர் சுரூபத்தைத் தோளில் ஏந்திக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே பாண்டு அடங்கியது, ஜெபமும் நின்றது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தலைக்கு மேல் குஞ்சுகள் முனகிக்கொண்டிருக்க, அந்தக் கிளைக்கு அடியில் மாதா வந்தாள். அப்படியே மண்ணில் முழங்காலிட்டேன். அவள் நீல அங்கியில் கொக்கு எச்சம் வழிந்திருந்தது. துடைக்கப் போன உபதேசியாரைச் சாமியார் கையமர்த்தினார்.

சுரூபத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்தார்கள். என் கணவர் பாதத்தைத் தொட்டபடி அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார், வெகுநேரம்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். நான் கேட்ட வரம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் கடவுள் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால், நாலு கொக்குக் குஞ்சுக்காக ஒரு தெருவே மூச்சடக்கி நின்ற அந்தச் சாயங்காலம்தான் இன்றும் என் கண்முன் வருகிறது.