பின்பக்கச் சுவிட்ச்

தச்சநல்லூரில் தனியாக வசிக்கிறேன். மனைவி இறந்த பிறகு, வீட்டிலேயே மரவேலை செய்து பொழுதைப் போக்கலாம் என்று பலகை அறுக்கும் ‘டேபிள் சா’ இயந்திரம் வாங்கக் கடைக்குப் போனேன்.

"பலகையப் பிடிக்க வீட்டுல ஆளு உண்டா, அண்ணாச்சி?" என்று கேட்டார் கடைக்காரர்.

யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "உண்டு" என்றேன்.

"அப்பம் இது போதும். சுவிட்ச் பின்பக்கம் இருக்கு. அங்கன நிக்குத ஆளு அணைச்சிருவாவ."

முதல் வாரமே வேப்பம்பலகை ஒன்று பாதி அறுபட்ட நிலையில் சுழலும் ரம்பத்தை இறுகக் கவ்விக்கொண்டது. கையை விட்டால் பலகை என் வயிற்றை நோக்கிப் பாயும். விடாவிட்டால் சுவிட்ச் எட்டாது. கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கைகள் தளரத் தொடங்கியபோது தெருவுக்கே மின்சாரம் போனது. முதல் வேலையாக பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "இதச் சொல்லுததுல என்ன கூச்சம், அண்ணாச்சி?" என்றவர், முழங்காலால் தட்டினாலே நின்றுவிடும் இயந்திரத்தை மாற்றித் தந்தார்.

தனியாக மரம் அறுப்பதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒருமுறை சொல்லி வைத்தேன். இப்போது சத்தம் நின்றதும், "இருக்கியளா, அண்ணாச்சி?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறார்.

"இருக்கேன்" என்கிறேன். சில நாட்களில் நான் பேசுவது அந்த ஒரு சொல்தான்.