ஒன்பதாவது வாரத்துச் சம்பளம்

வெளியூர் ஆட்டத்துக்கு வேன் வாடகை பேசிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் முன்பணத்தில் பிடிவாதமாக நின்றார். அப்போதுதான் நம் அணியின் கணக்கர் செலின் மேரியின் தம்பி அழைத்தார். “அண்ணே, அக்கா போயிட்டாக.” அவரை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இந்த வார வரவு செலவுத் தாளை யார் போடுவது என்ற கவலைதான் வந்தது. ஒரு கால்பந்து அணிக்குப் பல வருடம் செயலாளராக இருந்தால் மனிதன் இப்படித்தான் ஆகிப்போகிறான்.

நூற்பாலை ஒன்றில் இருபது வருடம் கணக்கு எழுதியவர் செலின். கெங்குவார்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நம் அணி சம்பளத்துக்கு வீரர்களை வைத்துத் தொழில்முறை லீக்கில் இறங்கியபோது நம்மிடம் வந்தார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அடுத்த பதின்மூன்று வாரங்களில் எந்த வாரம் எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும், எந்த வாரம் கை காலியாகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். திங்கட்கிழமைதோறும் அதை ஒரே தாளில் போட்டு என் மேசையில் வைப்பார்.

வரவுப் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். ‘வந்தது’, ‘வரும்’, ‘வரும்னு சொன்னாக’. மூன்றாவது கட்டத்தை அவர் ஒருநாளும் கூட்டலில் சேர்த்ததில்லை. போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் விளம்பரப் பணம் தருவதாக என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். அதைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன். “ஏலக்காய் வெல ஏறுனா தருவாக. ஏறலைன்னா போன எடுக்க மாட்டாக. எந்த வாரத்துல எழுதட்டும், நீங்களே சொல்லுங்கண்ணே” என்றார்.

ஆடி மாதச் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு டிக்கெட் வசூலைப் பாதிக்கும் கீழே போட்டுவிடுவார். “சனங்க பூராம் குச்சனூர்ல நிக்கும். இங்கன யாரு வருவா?” மாதாவைக் கும்பிடுகிற பெண்ணுக்குச் சனீஸ்வரர் கோயில் கூட்டம் எனக்கு முன்னால் நினைவுக்கு வந்தது. அந்த வாரங்களில் மைதானத்தில் என் குரல் எனக்கே எதிரொலித்தது.

இந்தப் பருவத் தொடக்கத்தில் அந்த ஏலக்காய் வாக்கை நம்பிக் கேரளத்திலிருந்து ஒரு முன்கள ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்தேன். செலின் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். “ஒம்பதாவது வாரம் பயலுகளுக்குச் சம்பளம் இல்லண்ணே. இப்பவே அவனுகட்ட சொல்லிருங்க. வாடகை, பிள்ளைக பீசுன்னு அவனுகளுக்கும் இருக்குல்ல.” பார்க்கலாம் என்றேன். அதற்கு முன்பும் சம்பளம் தாமதமான மாதங்கள் உண்டு. அப்போதெல்லாம் அவரே பயிற்சி நேரத்தில் மைதானத்துக்குப் போய் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இந்த முறை தவறு என்னுடையது, நானே சொல்வதுதான் முறை என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் அவர் மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்தார். ஆறாவது வாரம் அங்கிருந்து அழைத்தார். மூச்சு வாங்கியது. “சொல்லிட்டீகளாண்ணே?”

“சொல்லிட்டேம்மா.”

“சரிண்ணே” என்று வைத்துவிட்டார். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. படுக்கையில் கிடந்தவரிடம் வாய் கூசாமல் பொய் சொன்னேன். வியாபாரியும் அதற்குள் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். எட்டாவது வாரத்தில் செலின் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த திங்கட்கிழமை காலை மைதானத்துக்குப் போனேன். இருபத்திரண்டு பேரையும் உட்காரவைத்து, இந்த வாரம் சம்பளம் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியாது, தவறு என்னுடையது என்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கம்பத்துக்காரரான கோல்கீப்பர் முருகேசன்தான் எழுந்தார்.

“எங்களுக்குத் தெரியும் சார். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி செலினக்கா போன் பண்ணி, அண்ணன் சொன்னாகளான்னு கேட்டாக. இல்லக்கான்னேன். பெறகு அவுகளே எல்லாத்தையும் சொன்னாக. அண்ணன் ஒருநா வந்து சொல்வாக, அப்ப இப்பத்தான் கேக்குற மாதிரி கேட்டுக்கங்கடான்னாக. அவுக இல்லாதப்ப நடிக்க மனசு வரல சார்.”

இரண்டு பேர் வேறு அணி தேடுகிறார்கள். மற்றவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். திங்கட்கிழமைத் தாளை இப்போது நானே போடுகிறேன், தப்பும் தவறுமாக. போட்ட கையோடு மைதானத்துக்கு எடுத்துப்போய் அவர்கள் முன்னால் படிக்கிறேன். செலினிடமிருந்து எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். நான் பொய்யன் என்று தெரிந்துகொண்டு, அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் போய்விட்டார். கேட்டிருக்கலாம்.