முதலில் அம்மா, பிறகு பைல்

சுனாமிக்கு அடுத்த வருடம் எங்கள் மட்டக்களப்பு அலுவலகத்தில் அனர்த்த ஒத்திகை நடந்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் வெளியூர்ப் பணியாளர்களுக்கு நான் தொலைபேசியில் விளக்கினேன்: எச்சரிக்கை வந்ததும் பைல்களுடன் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். அவர்களில் ஒருவரான, கடலோரச் செட்டிபாளையத்து அக்கா சிரித்துவிட்டார்.

"தங்கச்சி, கடல் வந்தா நான் பைலையா தூக்குவன்? நடக்க ஏலாத அம்மாவ எல்லோ தூக்குவன்!"

மேலதிகாரியிடம் சொன்னேன். திட்டத்தில் குடும்பத்தை முதலில் எழுதினார்.

போர் முடிந்தபின் ஒருநாள் உண்மையான சுனாமி எச்சரிக்கையே வந்தது. பதறிக்கொண்டு அக்காவை அழைத்தேன். அம்மாவுடன் தோணியில் வாவியைக் கடந்து, கடலுக்கு எட்டாத மேற்குக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஓம், நாங்க படுவான்கரைக்குப் போறம். நீ ஒபிஸ விட்டு வெளிக்கிட்டியா?"

அன்று கடல் வரவில்லை. மறுநாள் அக்கா படுவான்கரைத் தயிர்ச் சட்டியோடு அலுவலகம் வந்தார். எல்லோரும் சுற்றி நின்று சாப்பிட்டோம். அந்த அலுவலகத்தை நினைத்தால் அந்தப் பகல்தான் முதலில் வருகிறது.