அக்கா காட்டிய நீலம்

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை உடனே சொல்லும் ஒரு கருவியைச் செய்வதிலேயே எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகள் முழுவதும் போயின. ஒரு பூஞ்சையிலிருந்து நொதியைப் பிரித்தெடுத்து, மெல்லிய சவ்வில் நிறுத்தி, அதை ஒரு மின்முனையின் நுனியில் கட்ட வேண்டும். சர்க்கரை பட்டால் நொதி வேலை செய்யும், மின்னோட்டம் மாறும், முள் நகரும். கேட்பதற்கு எளிதுதான். சென்னையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த நொதி ஒரு வாரம் தாக்குப்பிடித்தாலே டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடுவோம்.

இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்ட பேராசிரியர்களிடம் பெரிய பெரிய காரணங்களாகச் சொன்னேன். உண்மையான காரணம் பாகூரில் இருந்தது. அம்மா போன பிறகு என்னை வளர்த்த அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நாற்பது வயது ஆவதற்குள் அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

ஊரில் என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. சென்சார் செய்கிறேன் என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து டீக்கடையில் பார்த்தவர்களெல்லாம், "இன்னாபா, இந்தப் படத்துல எத வெட்டுனீங்க?" என்று கேட்டார்கள். மறுத்து மறுத்து அலுத்துப்போய், சினிமாக்காரனாகவே இருந்துவிட்டேன்.

என் கருவி தயாராகும் வரை பழைய வழியில்தான் அக்காவைச் சோதிக்க வேண்டியிருந்தது. லீவு கிடைக்கும்போதெல்லாம் முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டுப் போவேன். பையில் நீலக் கரைசல் ஒரு பாட்டில், சோதனைக்குழாய், ஸ்பிரிட் விளக்கு. கொல்லையில் உட்கார்ந்து, கரைசலில் அவளுடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவேன். சர்க்கரை இருந்தால் பச்சையாகும், மஞ்சளாகும், மிஞ்சிப்போனால் செங்கல் நிறத்துக்கு வரும். இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும்.

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்தபடி நிற்பாள். ஒருமுறைகூட நீலம் மாறியதில்லை. "பாத்தியா?" என்று சிரிப்பாள். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று நிம்மதியாகச் சென்னைக்குப் பஸ் ஏறுவேன்.

ஒரு கார்த்திகையில் தந்தி வந்தது. நடவு வயலில் நத்தை ஓடு குத்தி அக்காவின் கால் விரலில் புண். சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்ததால் குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாதம் கறுத்திருந்தது, காய்ச்சல் அனலாகக் கொதித்தது.

வராந்தாவில் அக்காவின் வீட்டுக்காரரான மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "ஒவ்வொரு தடவையும் நீலந்தானே மாமா வந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ வரன்னு கடுதாசி வந்தா அன்னியிலேர்ந்து சோத்துல கைய வைக்க மாட்டா. வெறும் தண்ணியும் மோரும்தான். நீ பஸ் ஏறுனப்புறந்தான் வாயில சோறு."

"ஏன்?"

"அந்த நீலத் தண்ணி நீ கண்டுபுடிச்சதுன்னு நெனச்சிக்கினு இருக்கா. நெறம் மாறிட்டா உன் ஆராய்ச்சி பெயிலாம். வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களாம்."

நான் பிறப்பதற்கு முன்பே உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் இருந்த கரைசல் அது. எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிடம் இன்னொன்றும் உறைத்தது. நான் செய்துகொண்டிருந்த கருவி அன்றே தயாராகி இருந்தாலும், பட்டினி கிடந்த ரத்தத்தைப் பார்த்து அதுவும் ஏமாந்துதான் போயிருக்கும்.

மறுநாள் காலை நர்ஸ் ஜன்னலோரம் குழாயைக் காய்ச்சினார். அப்பட்டமான செங்கல் நிறம். அக்காவும் பார்த்துவிட்டாள். நர்ஸ் நகர்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, அந்தம்மா எழுதிக்கினு போறாங்கடா. இன்னொரு தபா பாக்கச் சொல்லு. நான் துன்னாம கெடக்கறேன்."

"அது நான் செஞ்சதே இல்லக்கா. என் வேலைக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாள். அன்று நான் சொன்ன உண்மையை அவள் நம்பவில்லை. "என்னாலதான்டா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர்கள் காலை வெட்டி எடுப்பதற்குள் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது. தம்பியின் வேலையைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் அக்கா செத்துப்போனாள்.